கிடாயின் மணியில் ஒரு வீரன்

எங்கள் தீவின் மலையில் ஆட்டைக் கண்ணால் அடையாளம் காண்பவன் வெளியூர்க்காரன். மூடுபனி இறங்கிவிட்டால் கை நீட்டும் தூரத்தில் நிற்பது ஆடா பாறையா என்று தெரியாது. அப்போது காதுதான் கண். யாருடைய மந்தை எந்தச் சரிவில் மேய்கிறது, எது தண்ணீருக்கு இறங்குகிறது, எது மிரண்டிருக்கிறது என்பதையெல்லாம் மதுக்கடை வாசலில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார்கள். ஆடுகளின் கழுத்து மணிகள் தொனாரா ஊர்ப் பட்டறைகளில் தட்டியெடுத்தவை. ஒன்றின் குரல் இன்னொன்றுக்கு வராது.

தத்தானா லொக்கெ இந்த மலையில் பிறந்தவள். அவளுக்கும் இது தெரியும். ஒரே ஒரு மதியம் மறந்துபோனாள்.

அப்பா இறந்து, தம்பி பெல்ஜியத்துச் சுரங்கத்துக்குப் போன பிறகு மந்தை அவள் கைக்கு வந்தது. நாற்பதைத் தாண்டியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவின் கோட்டைக் கையை மடித்துவிட்டுப் போட்டுக்கொள்வாள். ஆடுகளிடம் மரியாதையாகவும் ஆண்களிடம் ஆடுகளிடம் பேசுவதைப் போலவும் பேசுவாள் என்று கடையில் சொல்வார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் சிரிப்பாள்.

அந்த வருடம் ஜனவரியில், பனி கொட்டிய ஓர் இரவு, அவளுடைய மந்தையை முழுசாகத் திருடிக்கொண்டு போனார்கள். ஒரு மணிச் சத்தமும் கேட்கவில்லை. திருடர்கள் செய்வது எப்போதும் ஒன்றுதான்: மணிக்குள் புல்லைத் திணித்து நாக்கை அசையவிடாமல் செய்துவிடுவார்கள். காலையில் பட்டியில் நாய் மட்டும் வாய் கட்டப்பட்டு நின்றது.

மந்தை பறிபோனவனுக்கு ஊரே ஆடு கொடுக்கும். வீட்டுக்கு ஒரு பெண்ணாடு, நோயில்லாதது, பால் தருவது. பராதுரா என்று அதற்குப் பெயர். கொடுத்தவன் திருப்பிக் கேட்கக் கூடாது. வாங்கியவன் நன்றி சொல்லக் கூடாது. நாளைக்கு இன்னொருவனுக்குப் பறிபோனால் முதல் ஆடு அவனுடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒரு பெண்ணுக்குப் பராதுரா கொடுத்து எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. கடையில் பேச்சு எழுந்தது. பாக்கிஸ் முஸ்காவு, அறுபது வயது, ஊரில் அதிக ஆடு வைத்திருப்பவர், கோப்பையைக் கவிழ்த்துவைத்துவிட்டுச் சொன்னார்:

"துணைக்கு ஆள் இல்லாத மந்தை. இன்னைக்குப் போனது நாளைக்கும் போகும். நாம அவளுக்குக் குடுக்கல, திருடனுக்குக் குடுக்கறோம்."

மறுநாள் விடியும்போது அவள் பட்டிக்கு முதலில் ஏறிப்போனதும் அவர்தான். தன் மந்தையின் நல்ல ஆட்டைக் கொண்டுபோனார். கழுதைமேல் ஒரு மூட்டை உப்பு. கூடவே கப்பித்தானு என்று பெயர் வைத்திருந்த காயடித்த பெரிய கிடாய். மந்தைக்கு முன்னால் நடக்கிற கிடாய் அது. கழுத்தில் ஒரு சாண் உயர மணி.

"மணி எங்கப்பா காலத்தது. கழட்டாத" என்றார். உடனே இறங்கிவிட்டார்.

சாயங்காலத்துக்குள் பட்டி நிறைந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆட்டின் காதில் ஒரு வெட்டு உண்டு. ஒருவர் காதை நறுக்குவார், ஒருவர் துளைப்பார், ஒருவர் நுனியைப் பிளப்பார். தத்தானா விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காதாகத் தடவிப் பார்த்தாள் என்று என் அண்ணன் ஆந்தியோகு சொன்னான். ஊரே அவளுடைய பட்டியில் காது நீட்டி நின்றது.

ஏப்ரலில் பட்டிக்குக் கீழே இருக்கிற ஊற்று சுருங்கிப்போனது. யாரோ எப்போதோ கட்டிய பழைய கல்படிகள், அடியில் ஒரு தொட்டி. தத்தானா மண்வெட்டியோடு இறங்கிச் சேற்றை வாரிக் கொட்டினாள். தொட்டி விளிம்பில் சேறு மூடியிருந்த பலகைக்கல்லில் வெட்டு விழுந்தபோது கல் சத்தம் வரவில்லை. குனிந்து பார்த்தாள். கையளவு உயரத்தில் ஒரு மனிதன் பெயர்ந்து சாய்ந்து கிடந்தான்.

கழுவிப் பார்த்தாள். வெண்கலம். தலையில் இரண்டு கொம்பு முளைத்த கவசம். இடது கையில் வட்டக் கேடயம், அதன் பின்னால் தோளில் சாய்த்த வாள். வலது கை மட்டும் வெறுமையாக, உள்ளங்கை தெரிய உயர்ந்திருந்தது. சண்டைக்குப் போகிறவன் இல்லை, யாரையோ பார்த்து நின்றுவிட்டவன். கால்களுக்கு அடியில் ஒரு ஈயக் கட்டி. கல்லில் குழி வெட்டி ஈயம் ஊற்றி நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் இன்னும் சில குழிகள் இருந்தன. அவற்றில் ஈயம் மட்டும் கறுத்துக் கிடந்தது. அவற்றில் நின்ற வெண்கல ஆட்கள் எப்போதோ போய்விட்டார்கள்.

மூவாயிரம் வருடத்துக்கு முந்திய இப்படிப்பட்ட வீரர்கள் எங்கள் மலையில் கிடைப்பார்கள். எல்லோருக்கும் தெரியும். கிடைத்த உடனே அரசாங்கத்திடம் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். பக்கத்து ஊரில் ஒருவன் சொல்லாமல் விற்று லாரி வாங்கினான் என்ற பேச்சும் உண்டு. தத்தானாவுக்கு விற்க வேண்டும் என்று தோன்றவில்லை. அதை அவளே பிறகு சொன்னாள், நான் நம்புகிறேன். அவளைப் பயமுறுத்தியது ஒரே ஒரு சொல். எப்போது?

எப்போது கிடைத்தது என்று கேட்பார்கள். ஏப்ரலில் என்று அவள் சொல்வாள். ஜனவரியில் ஆடு கொடுத்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பொக்கிஷத்தைப் படுக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு எங்கள் ஆடுகளை வாங்கிக்கொண்டாள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அப்படிச் சொல்லாமல் இருப்பதுதான் அவளுக்குப் பயம்.

இரண்டு நாள் கழித்துப் பாக்கிஸ் வீட்டுக்குப் போனாள். சொல்லிவிடத்தான் போனாள். அவர் முற்றத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்கு ஈயக்குண்டு வார்த்துக்கொண்டிருந்தார். இரும்புக் கரண்டியில் ஈயம் வெள்ளியாகத் தளும்பியது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன தத்தானா, வந்துட்டு நிக்கற?"

"ஒண்ணுமில்ல மாமா. கொஞ்சம் உப்பு வேணும்."

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உப்பா?"

"ஆமா, உப்பு."

"வேற ஒண்ணும் வேணாமா?"

"வேணாம்."

உள்ளே போய் ஒரு துணியில் உப்பு கட்டிக் கொடுத்தார். அவள் உப்போடு திரும்பினாள். வீரனைக் கம்பளி மூட்டைக்குள் வைத்தாள். பிறகு பாலாடைக்கட்டி அடுக்கிய பலகைக்குப் பின்னால் மாற்றினாள். பிறகு மறுபடி கம்பளிக்குள். ஒளித்த பொருள் வீட்டைச் சின்னதாக்கிவிடும்.

மே மாதக் கடைசியில் ஒரு மதியம், கீழே வளைவில் புழுதி எழுவதைப் பார்த்தாள். போலீஸ் ஜீப். திருட்டுப்போன மாடுகளைத் தேடி மரெஷல்லோ, அதாவது எங்கள் பகுதிக் காவல் அதிகாரி, பட்டி பட்டியாக ஏறி வருவதாகக் காலையில்தான் பேச்சு. கம்பளி மூட்டையைக் கம்பியால் குத்திப் பார்க்கிறார்களாம். பலகையில் இருக்கிற பாலாடைக்கட்டியை இறக்கச் சொல்கிறார்களாம்.

வீரனைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். சுற்றிலும் கல்லும் முள்ளும். கப்பித்தானு மட்டும் அவளைப் பார்த்து, ரொட்டி கிடைக்குமா என்று, நெருங்கி வந்து நின்றது. அவள் மண்டியிட்டு மணியைத் திருப்பினாள். உள்ளே இரும்பு நாக்கு ஒரு வாரில் தொங்கியது. அதை அவிழ்த்துக் கோட்டுப் பைக்குள் போட்டாள். அதே வாரை வீரனின் கழுத்தில் முடிச்சிட்டாள். கொம்புகள் வார் நழுவாமல் பிடித்துக்கொண்டன. ஈயக்கால் கீழே தொங்கியது. எழுந்தபோது ஜீப் நின்றுவிட்டது.

மரெஷல்லோ வடக்கிலிருந்து கடல் கடந்து வந்தவர். தடித்த மனிதர், மேட்டில் ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"லொக்கெ அம்மா, மாடு ஏதாவது வழிதவறி வந்ததா?"

"என் ஆடே வழிதவறிப் போச்சுங்க. அதைத் தேடி ஒருத்தரும் வரல."

"அது என் காலத்துக்கு முன்னாடி."

"ஜனவரியில."

"நான் பிப்ரவரியில வந்தேன்."

"அப்போ நீங்க வர்றதுக்கு முன்னாடியே முடிச்சிடணும்னு திருடனுக்கும் தெரிஞ்சிருக்கு."

உடன் வந்த போலீஸ்காரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு குடிசைக்குள் போனான். கம்பளி மூட்டையைக் குத்தினான். பலகையை இழுத்தான். தத்தானா ஒரு குவளைப் பால் கொண்டுவந்து கொடுத்தாள். கப்பித்தானு மரெஷல்லோவின் பூட்ஸ்களை முகர்ந்துவிட்டு அவருடைய முழங்காலில் கழுத்தைத் தேய்த்தது. மணி ஒருமுறை அடித்தது. தொண்டை கட்டியவன் கதவுக்குப் பின்னால் இருமுவதுபோல.

அவர் குனிந்து மணியைத் தட்டினார். "நல்ல பெரிய மணி."

"பழசு."

"சத்தம்தான் இல்ல."

"அதுக்கும் வயசாச்சு."

பாலைக் குடித்து முடித்தார். மீசையைத் துடைத்தார். ஜீப் கிளம்பும்போது ஓட்டுநர் ஹாரன் அடித்தான். மந்தை மிரண்டு, கப்பித்தானு முன்னே பாய, முழுசாகப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கி ஓடியது. தத்தானா முதலில் பெருமூச்சுதான் விட்டாள். குவளையைக் கழுவக்கூட உள்ளே போனாள். அப்போதுதான் கீழேயிருந்து மணிகளின் ஓட்டம் காதில் விழுந்தது. நடுவில் ஒன்று, ஊமையாக, தொப் தொப்பென்று.

ஊரே கேட்கிற இடத்தில் கொண்டுபோய் ஒளித்திருக்கிறாள்.

எதிர்மேட்டில் நாங்கள் மூன்று பேர் வேலி போட்டுக்கொண்டிருந்தோம். பாக்கிஸ், ஆந்தியோகு, நான். பாக்கிஸ்தான் முதலில் நிமிர்ந்தார். கையில் சுத்தியல் அப்படியே நின்றது.

"என் கிடா."

"ஆமா" என்றான் ஆந்தியோகு. "புல்லு அடைச்சிருக்கான்."

"பட்டப்பகல்லயா?"

"மறுபடியும் ஓட்டிட்டுப் போறானுங்க மாமா."

பாக்கிஸ் மரத்தில் சாய்த்திருந்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டார். நாங்கள் குறுக்கே இறங்கி ஓடினோம். அந்த வயதில் அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ஓடையருகே மந்தை நின்றிருந்தது. திருடன் யாரும் இல்லை. ஆடுகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. பாக்கிஸ் கிடாயின் கொம்பைப் பிடித்து நிறுத்தி, புல்லை உருவ மணிக்குள் விரலை விட்டார். விரல் அப்படியே நின்றது.

மேலேயிருந்து தத்தானா ஓடி வருவதைப் பார்த்தோம். ஒரு செருப்பு வழியிலேயே போய்விட்டது. "விடுங்க மாமா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அவர் வாரை அவிழ்த்து வெளியே எடுத்தார். உள்ளங்கையில் படுக்கவைத்தார். உயர்த்திய அந்தச் சின்னக் கை எங்களைப் பார்த்து நீண்டிருந்தது.

துப்பாக்கியோடு நாங்கள் அவளுடைய ஆடுகளைக் காப்பாற்ற ஓடி வந்தவர்கள். அது அவளுக்கும் புரிந்தது என்று அவள் முகத்தில் தெரிந்தது.

"எங்க?" என்றார் பாக்கிஸ்.

"ஊத்துல."

"எப்ப?"

அந்தச் சொல் வந்துவிட்டது.

"ஏப்ரல்ல. நீங்கள்லாம் குடுத்ததுக்கு அப்புறம். சத்தியமா மாமா."

அவர் வீரனைத் திருப்பிக் கால் ஈயத்தைப் பார்த்தார். மணியில் மோதி மோதி ஈயம் பளபளவென்று நசுங்கியிருந்தது. அதில் எந்த மாதத்தையும் படிக்க முடியாது.

"நாக்கு எங்க?"

அவள் கோட்டுப் பையிலிருந்து இரும்பு நாக்கை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வாரில் கட்டி, இழுத்துப் பார்த்து, மணியை ஒருமுறை ஆட்டினார். மணிக்குக் குரல் திரும்பியது. வீரனை அவள் கையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் ஆந்தியோகு இன்றைக்கும் சாதிக்கிறான். இருட்டுவதற்குள் ஊருக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் ரொட்டிக்கடையில் பெண்கள் அவளுக்குத் தேவைக்கு மேல் இடம் விட்டு ஒதுங்கி நின்றார்கள்.

அடுத்த வியாழக்கிழமை அவளுடைய மந்தைக்கு ரோமம் வெட்டும் நாள். எங்கள் ஊரில் இதற்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. நாள் எல்லோருக்கும் தெரியும். விடியும்போது அவரவர் கத்தரியோடு வந்துவிடுவார்கள். நாளை அவர்களுடைய மந்தைக்கு இவள் போவாள். அவர்கள் வராமல் போனால் அது வெறும் வேலை நின்றுபோவது இல்லை. பிறகு அவள் யார் பட்டிக்கும் போக முடியாது. வழிதவறிய ஆட்டை யாரும் திருப்பி ஓட்டிவிட மாட்டார்கள். மேய்ச்சலில் யாரும் வழிவிட மாட்டார்கள். ஆடுகளை விற்றுவிட்டுத் தம்பியிடம் பெல்ஜியத்துக்குப் போக வேண்டியதுதான். எங்கள் ஊரில் ஒருவரை வெளியேற்ற யாரும் ஒரு கல்லைக்கூட எடுப்பதில்லை. ஒருநாள் காலை வராமல் இருந்தால் போதும்.

வியாழக்கிழமை அவள் இருட்டிலேயே எழுந்து, எல்லோருக்கும் போதுமான இறைச்சியை வேகவைத்தாள். தாள்போன்ற ரொட்டியைத் துணி விரித்து அடுக்கினாள். ஒயின் குடத்தை நிழலில் வைத்தாள். பிறகு வீரனைக் கொண்டுவந்து பட்டியின் கல்சுவர்மேல், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், இரண்டு கல்லுக்கு நடுவே நிறுத்தினாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். யார் வேண்டுமானாலும் போலீசில் சொல்லலாம்.

விடிந்தது. யாரும் வரவில்லை. வெயில் சுவரில் இறங்கி வீரனின் கொம்பைத் தொட்டது. அவள் முதல் ஆட்டைப் பிடித்துக் கால்களைக் கட்டித் தனியாகவே வெட்ட ஆரம்பித்தாள். பாதி ரோமம் உரிந்த ஆடு எழுந்து ஓடிவிடாமல் முழங்காலால் அழுத்திக்கொண்டிருந்தபோது கல் உருளும் சத்தம் கேட்டது.

"அக்கா, அதை வெட்டறியா கொல்றியா?" ஆந்தியோகுதான். பின்னால் நான். வழியில் ஒரு மணி நேரம் நாங்கள் இருவரும் போகலாமா வேண்டாமா என்று நின்று நின்று வந்தோம் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

"ஒனக்குக் கத்தரி பிடிக்கத் தெரியுமா, தெரியாதா? தெரியாதுன்னா போய் ஒயின் குடத்தப் பாத்துக்க."

"அதுக்குத்தான் வந்தேன்."

பிறகு ஒருவர், பிறகு இருவர். எல்லோரும் சுவரைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். கத்தரிகளின் சத்தம் மட்டும். எல்லோர் காதும் பாதையின் பக்கம் இருந்தது. கடைசியில் பாக்கிஸ் வந்தார். வணக்கம் சொல்லவில்லை. கோட்டைக் கழற்றிச் சுவரில், வீரனுக்குப் பக்கத்தில் போட்டார். கத்தரியை உறையிலிருந்து எடுத்தார்.

"நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார் பொதுவாக. "குடுத்தவன் கேக்கக் கூடாது. குடுத்தது குடுத்ததுதான். எப்பக் கெடச்சா என்ன."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. தத்தானா எழுந்து நின்றாள். கையெல்லாம் ரோமப் பிசுக்கு.

"கேளுங்க" என்றாள்.

"விடு தத்தானா."

"விட மாட்டேன். நம்பலன்னா என் ஆட்டைத் தொடாதீங்க மாமா. நம்பாம வந்து வெட்டிட்டுப் போறதுக்கு நான் பிச்சைக்காரி இல்ல."

ஆந்தியோகுவின் கத்தரி பாதியில் நின்றது. இந்த மலையில் பாக்கிஸிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அவர் முகம் இருண்டது. கத்தரியை உறைக்குள் போட்டார். திரும்பினார். போய்விட்டார் என்றே நினைத்தோம். ஆனால் அவர் பாதையில் இறங்கவில்லை. ஊற்றுப் பக்கம் இறங்கினார்.

யாரும் வேலை செய்யவில்லை. ஒருவன் சிகரெட் பற்றவைத்து அதைக் குடிக்க மறந்துபோனான். பாதி ரோமத்தோடு ஓர் ஆடு நடுவில் நின்று கத்தியது. தத்தானா சுவரில் கைவைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

பாக்கிஸ் ஏறி வந்தபோது முழங்கை வரை சேறு. நகத்துக்கு அடியில் எதையோ சுரண்டிக்கொண்டே வந்தார்.

"கல்லுல நெறைய குழி இருக்கு" என்றார். "பழைய ஈயமெல்லாம் கறுத்துப்போய்க் கெடக்கு. ஒரு குழியில மட்டும் வெட்டு விழுந்த ஈயம். சாம்பல் நெறம் ஏறிருக்கு, ஆனா இன்னும் கறுக்கல." கொஞ்சம் நிறுத்தினார். "நான் வருஷம் பூரா ஈயம் வார்க்கறவன். ஜனவரியில ஒடஞ்ச ஈயம் இப்படி இருக்காது."

யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. நகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"நம்பறேன். இப்ப வெட்டலாமா?"

"கையைக் கழுவிட்டு வெட்டுங்க. ரோமம் அழுக்காகும்."

முதலில் சிரித்தது ஆந்தியோகு. பிறகு எல்லோரும். சத்தமாக, தேவைக்கு மேலேயே.

சாப்பாட்டின்போது பாக்கிஸ் எலும்பை உறிஞ்சிக்கொண்டே சொன்னார், நாளைக்கு மரெஷல்லோவிடம் தானே போகப்போவதாக. ரோமம் வெட்ட வந்தோம், கை கழுவ ஊற்றுக்குப் போனேன், கல்லில் இது இருந்தது என்று சொல்வாராம். சாட்சிக்கு இத்தனை பேர்.

"பேரு உங்க பேரா எழுதுவாங்க மாமா" என்றாள் தத்தானா.

"எழுதட்டும். மறைச்சு வச்சதுக்கு உன் பேரை எழுதறதுக்கு இது தேவல."

அவள் கொஞ்ச நேரம் ரொட்டியைச் சின்னச் சின்னதாக உடைத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நான் உப்புக்கு வரல."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"உன் பட்டிக்கு ஒரு மூட்டை உப்பைக் கழுதைமேல ஏத்திக் கொண்டுவந்தது நான்தான. மூணு மாசத்துல அதைத் தின்னு தீர்க்க நீ என்ன ஆடா?" ஒயினைக் குடித்தார். "நீயே சொல்லுவேன்னு பாத்தேன். துணியில கட்டிக் குடுத்தேன், வாங்கிட்டுப் போயிட்ட."

கடைசியாக வெட்டியது கப்பித்தானுவை. அதைப் பாக்கிஸ் யாரையும் தொடவிடவில்லை. ரோமம் போன கிடாய் வெட்கப்பட்டதுபோல ஒல்லியாக நின்றது. அவர் கழுத்து மணியை நேராக்கி, ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுத்தார். ஈயக்கால் மோதிய இடத்தில் உள்ளே ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருக்க வேண்டும். குரலில் ஒரு முனை மழுங்கியிருந்தது.

"தொனாராவுக்கு அனுப்பினா சரி பண்ணிடுவான்" என்றார்.

"கழட்டக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

அவர் கோட்டை எடுத்துக்கொண்டார். கிடாய் மந்தைக்கு முன்னால் சரிவில் இறங்கியது. எதிர்மேட்டில் யாரோ வேலை செய்துகொண்டிருந்தவன் நிமிர்ந்து, யாருடைய மந்தை என்று கொஞ்சம் கேட்டுவிட்டு, மறுபடி குனிந்துகொண்டான்.